பன்னிரண்டு சாவிகள்: ஒரு பிளாக்செயின் காவல் மன்றம் மாறிய கதை

மலர்க் குழுவினர் வழக்கம்போல் கல்வெட்டைப் பற்றியோ ஓலைச்சுவடியைப் பற்றியோ எழுதித் தருவேன் என்று நினைத்துத்தான் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். இந்த முறை பிளாக்செயின் பற்றி எழுதுகிறேன் என்றதும் ஆசிரியர் நண்பர் தொலைபேசியிலேயே சிரித்துவிட்டார். "பாத்திரக் கடைக்காரருக்கு இது எதுக்குங்க?" என்றார். கேள்வி நியாயமானதுதான். நான் கணிப்பொறி படித்தவன் அல்லன். பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வந்தவாசிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து, புலேஷ்வர் பகுதியில் எவர்சில்வர் வியாபாரம் செய்து நாற்பது வருஷத்தைக் கழித்தவன். ஆனால் இந்த விஷயம் கணிப்பொறியைப் பற்றியது மட்டுமல்ல. பொதுப்பணம் பூட்டிய பெட்டிக்கு எத்தனை சாவி, யார் யார் கையில், எத்தனை பேர் சேர்ந்தால் திறக்கலாம் என்கிற பழைய கேள்விதான் இது. அதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. நல்ல அனுபவம் என்று சொல்லமாட்டேன்.

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் தங்கை மகன்தான் இதைத் தொடங்கி வைத்தான். 2023 மார்ச்சில் ஆர்பிட்ரம் என்கிற பிளாக்செயின் வலை, தன்னைப் பயன்படுத்தியவர்களுக்கெல்லாம் ஏ.ஆர்.பி. என்ற டோக்கனை இலவசமாகக் கொடுத்தது. தகுதி பெற்றவர்களுக்குக் குறைந்தது 625 டோக்கன். இவனுக்கும் அந்த 625 கிடைத்தது. டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு அந்த வலையின் நிர்வாகத்தில் ஓட்டு உண்டாம். அதே வருஷம் செப்டம்பரில் காவல் மன்றத்துக்குத் தேர்தல் வந்தது. "மாமா, நீங்க எத்தனையோ டிரஸ்ட்ல இருந்திருக்கீங்க. இந்த மாதிரி ஆளுங்களை எப்படித் தேர்ந்தெடுக்கணும்?" என்று கேட்டான். அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

சிட்டையும் பேரேடும்

வியாபாரக் குடும்பங்களுக்கு இதை விளக்குவது எளிது. கடையில் நாள் முழுக்க நடக்கிற வரவு செலவை உடனுக்குடன் சிட்டையில் கிறுக்கி வைப்போம். இரவு கடை சாத்தியபின் அதைத் தொகுத்துப் பேரேட்டில் ஏற்றுவோம். ஒவ்வொரு ஐந்து ரூபாய்க்கும் பேரேட்டைத் திறந்தால் வியாபாரம் ஓடாது. எத்தீரியம் என்பது உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்படும் ஒரு பேரேடு. யாரும் பின்னால் போய் அடித்து எழுத முடியாது. அதனால்தான் அதற்கு மதிப்பு. அதனாலேயே அதில் ஒரு வரி எழுத நேரமும் ஆகிறது, கட்டணமும் ஆகிறது. ஆர்பிட்ரம் போன்றவை சிட்டை. இரண்டாம் அடுக்கு என்று அவர்கள் சொல்கிறார்கள். நடவடிக்கைகளை அங்கே வேகமாகவும் மலிவாகவும் முடித்து, தொகுப்பை எத்தீரியத்தில் ஏற்றுகிறார்கள்.

இந்தச் சிட்டையில் புழங்கும் பணத்தில் பெரும்பகுதி உண்மையில் எத்தீரியத்தில் ஒரு பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. பூட்டு இரும்பால் ஆனதல்ல, நிரலால் ஆனது. "இன்ன கணக்கு சரியாக இருந்தால் இன்னாருக்கு இவ்வளவு கொடு" என்று எழுதிய நிரல். நிரலை எழுதியவர்கள் மனிதர்கள், எனவே பிழை இருக்கும். பிழை தெரிந்தால் திருத்த வேண்டும். திருத்தும் அதிகாரம் யாரிடம்? முழு விவகாரமும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. ஏனென்றால் பூட்டைத் திருத்த முடிந்தவனால் பெட்டியைக் காலி செய்யவும் முடியும். இரண்டும் ஒரே அதிகாரம்தான்.

அதிகாரமே வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்று கேட்கலாம். 2016இல் அப்படி ஒரு சோதனை நடந்தது. எத்தீரியத்தின் மேல் "தி டி.ஏ.ஓ." என்ற பெயரில் ஒரு பொது முதலீட்டு நிதி தொடங்கினார்கள். நிரலே சட்டம் என்றார்கள். நிரலில் ஓட்டை இருந்தது. ஜூன் மாதம் யாரோ அந்த ஓட்டை வழியாகச் சுமார் 36 லட்சம் ஈத்தரை இழுத்துவிட்டார்கள். அவசரமாகத் தடுக்க யாருக்கும் முறையான அதிகாரம் இல்லை. கடைசியில் 2016 ஜூலை 20 அன்று முழுப் பேரேட்டையே இரண்டாகப் பிளந்துதான் பணத்தை மீட்டார்கள். அதை ஒப்பாதவர்கள் பழைய ஏட்டையே எத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். ஒரு ஓட்டையை அடைக்க வீட்டையே பாகம் பிரித்த கதை.

இன்னொரு வழி, எல்லா டோக்கன்காரர்களும் ஓட்டுப் போட்டுத் திருத்துவது. ஆர்பிட்ரத்தில் அந்த வழி உண்டு. ஆனால் அடிப்படைத் திருத்தம் ஒன்றை முன்மொழிந்து, ஓட்டெடுத்து, பிடிக்காதவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேற அவகாசமும் கொடுத்து நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும்படி விதி வைத்தார்கள். பூட்டில் ஓட்டை என்று தெரிந்தால் திருடன் ஒரு மாதம் காத்திருப்பானா? அதற்குள் முடித்துவிடுவான். ஆகவே சில பேர் கையில் அவசரச் சாவி இருக்கத்தான் வேண்டும். அந்தச் சில பேர்தான் காவல் மன்றம். செக்யூரிட்டி கவுன்சில் என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

கூட்டல் கழித்தல்

வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி இருப்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே ஒவ்வொரு உறுப்பினர் கையிலும் ஒரு ரகசிய இலக்கச் சாவி. மொத்தச் சாவியில் இத்தனை சேர்ந்தால்தான் திறக்கும் என்று விதி. 8 சாவியில் 5, 12 சாவியில் 9 என்று சொல்வார்கள்.

இதில் இரண்டு கணக்கு இருக்கிறது. பேசுகிறவர்கள் பலரும் முதல் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். திருடுவதற்கு எத்தனை பேர் கெட்டுப்போக வேண்டும்? 12இல் 9 என்றால் 9 பேர். இரண்டாவது கணக்கு, எத்தனை பேர் வராவிட்டால் பெட்டி திறக்காமலே கிடக்கும்? அதே 12இல் 9க்கு 4 பேர். நான்கு பேர் விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்தால் ஓட்டையை அடைக்க முடியாது. எண்ணிக்கையை உயர்த்தினால் திருட்டு கடினமாகும், காவலும் கடினமாகும். இரண்டையும் ஒன்றாகச் சாதிக்க முடியாது. எங்கே நிறுத்துவது என்பது கணக்கல்ல, அனுபவம்.

கணக்கைச் சோம்பேறித்தனமாகப் போட்டவர்கள் பட்ட பாடு ஏட்டில் இருக்கிறது. ஹார்மனி என்ற வலையின் ஹொரைசன் பாலத்துக்கு 5 சாவியில் 2 போதும் என்று இருந்தது. 2022 ஜூனில் இரண்டு சாவி களவுபோயின. சுமார் 10 கோடி டாலர் போய்விட்டது. மல்டிசெயின் என்றொரு அமைப்பு பல சாவி என்று சொல்லிக்கொண்டது. 2023 மே மாதம் அதன் தலைவரைச் சீனப் போலீசார் பிடித்துச் சென்றபிறகுதான் உண்மையில் எல்லாம் அவர் ஒருவர் கையில் இருந்தது தெரிந்தது. ஜூலையில் 12 கோடி டாலருக்கும் மேல் வெளியேறியது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ரோனின் கதைதான். அது எண்ணிக்கையால் கெட்ட கதை அல்ல.

ரோனின் என்பது ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற விளையாட்டுக்காக ஸ்கை மேவிஸ் நிறுவனம் அமைத்த வலை. 9 சாவி, அதில் 5 வேண்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒன்பதில் நான்கு ஸ்கை மேவிஸ் கையிலேயே இருந்தன. 2021 நவம்பரில் கூட்டம் தாங்க முடியாமல், ஆக்ஸி டி.ஏ.ஓ. என்ற தனி அமைப்பு தன் சார்பிலும் கையெழுத்துப் போட ஸ்கை மேவிஸுக்கு அனுமதி கொடுத்தது. ஒரு உதவிக்காகத்தான். டிசம்பரில் அந்த ஏற்பாடு முடிந்துவிட்டது. அனுமதியை மட்டும் யாரும் திரும்ப வாங்கவில்லை. 2022 மார்ச் 23 அன்று திருடர்கள் ஸ்கை மேவிஸுக்குள் புகுந்து நான்கு சாவியை எடுத்தார்கள். ஐந்தாவதாக, மறந்துபோன அந்த அனுமதி வாசலிலேயே கிடந்தது. 1,73,600 ஈத்தரும் 2.55 கோடி யு.எஸ்.டி.சி.யும் போயின, அன்றைய மதிப்பில் 60 கோடி டாலருக்கு மேல். வடகொரியாவின் லாசரஸ் கும்பல் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பின்னர் சொன்னது. இதில் கொடுமை என்னவென்றால் ஆறு நாள் யாருக்குமே தெரியாது. மார்ச் 29 அன்று ஒரு வாடிக்கையாளர் 5,000 ஈத்தர் எடுக்கப் போய், கிடைக்கவில்லை என்று சொன்னபிறகுதான் பெட்டியைப் பார்த்தார்கள்.

இதைப் படித்த மறுநாள் காலை நான் கடைக்குப் போகவில்லை. நேராக வங்கிக்குப் போனேன். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் ஓர் அறக்கட்டளையில் நானும் ஒருவன். பெயர் வேண்டாம். மூன்று பேரில் இருவர் கையெழுத்துப் போட்டால் காசோலை செல்லும். அந்த மூவரில் ஒருவர் பொறுப்பிலிருந்து விலகி நான்கு வருஷம் ஆகிவிட்டது. நல்ல மனிதர். கூட்டத்தில் நன்றி சொல்லி, சால்வை போர்த்தி, படம் எடுத்து அனுப்பி வைத்தோம். வங்கியில் கையெழுத்து அட்டையைக் காட்டச் சொன்னேன். அவர் கையெழுத்து அப்படியே இருந்தது. அவருக்குப் பதிலாக வந்தவரின் கையெழுத்து ஏறவே இல்லை. அதாவது நான்கு வருஷமாக எங்களுக்கு இருந்தது மூன்றில் இரண்டு அல்ல.

இதற்கு முன்னால் ஒரு தவறு நானே செய்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் ஜினாலய விழாவுக்கு ஒரு மாதம் போக வேண்டியிருந்தது. அப்போது நான் இருந்த வேறொரு அமைப்பின் பொருளாளர், "நீங்க இல்லாம வாடகை, சம்பளம் எல்லாம் நின்னுடும், அஞ்சாறு செக்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போங்க" என்றார். ஆறு வெற்றுக் காசோலையில் போட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அதில் ஒன்று ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு அவர் மைத்துனர் பெயரில் போயிருந்தது. கடன் என்றார். பதினான்கு மாதத்தில் பெரும்பகுதி திரும்பி வந்தது. மிச்சத்தை நான் போட்டு நிரப்பினேன். அவர் இன்று இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. இரண்டு கையெழுத்து என்ற விதியை ஒரு கையெழுத்தாக ஆக்கியவன் நான்தான். ஆக்ஸி டி.ஏ.ஓ. செய்ததும் வேறென்ன?

ஆர்பிட்ரம் செய்த மாற்றம்

ஆர்பிட்ரத்தை உருவாக்கியது ஆஃப்செயின் லேப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எட் ஃபெல்டனும், அங்கே படித்த ஸ்டீவன் கோல்ட்ஃபெடர், ஹாரி கலோட்னர் இருவரும் நிறுவியது. 2021 ஆகஸ்டு இறுதியில் வலை பொதுமக்களுக்குத் திறந்தது. தொடக்கத்தில் திருத்தும் அதிகாரம் உருவாக்கியவர்கள் கையில்தான் இருந்தது. குழந்தைக்கு நடைவண்டி கொடுப்பது போல என்று இதை அந்த உலகத்தில் சொல்வார்கள். எத்தீரியத்தின் தந்தையான விட்டாலிக் புட்டெரின் 2022 நவம்பரில், இந்த நடைவண்டியைப் படிப்படியாக எப்படி விடுவது என்று எழுதினார். அதை அடியொற்றி எல்டூபீட் என்ற கண்காணிப்புக் குழு 2023 ஜூனில் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று படிநிலைகள் வகுத்தது.

2023 மார்ச்சில் ஆர்பிட்ரம் ஒரு சாசனம் எழுதி, டோக்கன் கொடுத்து, 12 பேர் கொண்ட மன்றத்தை அமைத்தது. முதல் பன்னிரண்டு பேர் நியமனம். பிறகு எல்லாம் தேர்தல். அந்தச் சாசனத்தில் வைத்த விதிகளை நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு முக்கியமாகப் பட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

அவசர நடவடிக்கைக்கு 12இல் 9 கையெழுத்து. நடவடிக்கை எடுத்தபின் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று பகிரங்கமாக அறிக்கை தர வேண்டும். முன்கூட்டியே சொன்னால் திருடனுக்கும் தெரிந்துவிடும் என்பதால் அறிக்கை பின்னால். இது சரியான முறை.

பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் மாறக்கூடாது. ஆறு ஆறாக இரண்டு அணி. செப்டம்பரில் ஓர் அணிக்குத் தேர்தல், மார்ச்சில் மற்ற அணிக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு வருஷம். எப்போது பார்த்தாலும் அனுபவப்பட்ட ஆறு பேர் உள்ளே இருப்பார்கள். நம் மாநிலங்களவையில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஓய்வு பெறுவது போலத்தான். இன்னொரு பக்கமும் பாருங்கள். ஆறு பேர் மட்டும் ஒரு தேர்தலில் வருவதால், ஒரே தேர்தலைக் கைப்பற்றி ஒன்பது சாவியை யாரும் பிடிக்க முடியாது. இந்த இரண்டாவது நன்மையை நான் முதலில் கவனிக்கவில்லை. மருமகன்தான் சுட்டிக்காட்டினான்.

ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது. மூன்று என்ற எண் சும்மா வரவில்லை என்பது என் ஊகம். நான்கு பேர் சேர்ந்தால் அல்லவா 12இல் 9ஐ முடக்கலாம்? மூன்று பேரால் அதுகூட முடியாது. இதோடு எல்டூபீட்டின் கருத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மன்றத்தின் தேவைப்பாடு குறைந்தது 75 சதவீதம் இருக்க வேண்டும், அதைத் தடுக்கக்கூடிய அளவுக்காவது வெளியாட்கள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிலை. உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்தாலும் வெளியாள் சம்மதம் இல்லாமல் பெட்டி திறக்கக்கூடாது. ரோனினில் இல்லாமல் போனது இதுதான். சாவி ஒன்பது இருந்தது, சாவிக்காரர்கள் ஒன்பது பேர் இல்லை.

தேர்தல் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் 7 நாள் வேட்பாளர் தேர்வு. ஓட்டுத் தகுதியுள்ள டோக்கன்களில் 0.2 சதவீத ஆதரவு பெற்றவர்தான் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பிறகு 14 நாள் சட்டரீதியான சரிபார்ப்பு. அதன்பின் 21 நாள் ஓட்டெடுப்பு. இதில் முதல் 7 நாளில் போடும் ஓட்டுக்கு முழு மதிப்பு. அதன்பிறகு நாளாக ஆக மதிப்பு குறைந்துகொண்டே வந்து கடைசியில் பூஜ்யம். ஏன் இப்படி என்று முதலில் புரியவில்லை. பெரிய டோக்கன்காரர் ஒருவர் கடைசி ஐந்து நிமிஷத்தில் வந்து எல்லா ஓட்டையும் கொட்டி முடிவை மாற்றிவிடுவார். அவரைத் தடுக்கத்தான் இது. ஏலக்கடையில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஓர் உறுப்பினரை நீக்கவும் வழி வைத்தார்கள். மன்றத்திலேயே 9 பேர் சேர்ந்து நீக்கலாம். அல்லது டோக்கன்காரர்கள் நீக்கலாம். அதற்கு ஓட்டுத் தகுதியுள்ள டோக்கன்களில் குறைந்தது 10 சதவீதம் வாக்களித்து, அதில் ஆறில் ஐந்து பங்கு நீக்கத்துக்கு ஆதரவாக இருக்க வேண்டும். சிலர் கோபத்தில் கூடி ஒருவரைத் தூக்கிவிட முடியாது.

எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது. ஒரு டோக்கன் ஒரு ஓட்டு என்றால் பணம் அதிகம் உள்ளவருக்கு ஓட்டு அதிகம். அந்த 0.2 சதவீதம் கேட்கச் சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் திறமை இருந்தும் பெரிய டோக்கன்காரர் எவரையும் தெரியாத ஒரு இளைஞனுக்கு அது மலை. ஆதரவு தேடி அவர்கள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நின்று ஜெயித்து வந்தவன் அவர்களிடம் "முடியாது" என்று சொல்வானா? இது நம் சங்கத் தேர்தல்களிலும் உள்ள வியாதிதான். ஆறு மாதத்துக்கு ஒரு தேர்தல் என்பதும் மிகை. ஒவ்வொரு முறையும் புது ஆள், புதுச் சாவி, பழைய சாவியை ரத்து செய்வது என்று வேலை. வேலை கூடும் இடத்தில்தான் மறதியும் கூடும்.

நம் நாட்டுப் பிள்ளைகள் 2017இல் மேட்டிக் என்ற பெயரில் தொடங்கிய பாலிகனும் இதே பாதையில் வந்தது. நீண்ட காலம் 8 சாவியில் 5 என்று இருந்ததைப் பலரும் குறை சொன்னார்கள். 2023 அக்டோபரில் 13 பேர் கொண்ட மன்றம் அறிவித்தார்கள். அவர்கள் செய்த வித்தியாசம் எனக்குப் பிடித்தது. சாதாரணத் திருத்தத்துக்கு 7 பேர் போதும், ஆனால் 10 நாள் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் உடனே செய்ய வேண்டுமென்றால் 10 பேர் வேண்டும். அவசரம் என்று சொல்கிறவன் அதிகப்படி ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டும் என்பது நல்ல வியாபாரப் புத்தி.

மன்றம் உண்மையில் தேவைப்படுகிறதா என்று சந்தேகப்படுவோருக்கு 2024 ஒரு பதில். ஆப்டிமிசம் என்ற இன்னொரு வலை அந்த வருஷம் ஜூனில், யார் வேண்டுமானாலும் கணக்கைச் சரிபார்த்து எதிர்க்கலாம் என்ற முறையைப் பெருமையாகத் தொடங்கியது. ஆகஸ்டில் தணிக்கையில் அதில் ஓட்டைகள் தெரியவந்தன. அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தித் தற்காலிகமாகப் பழைய முறைக்குத் திரும்பி, நிரலைத் திருத்தினார்கள். பணம் எதுவும் போகவில்லை. ஆகவே அது பத்திரிகையில் பெரிதாக வரவுமில்லை.

கண்ணை மூடிப் போடும் கையெழுத்து

மன்றத்தை எவ்வளவு அழகாகத் திருத்தி அமைத்தாலும் ஓரிடம் மிச்சம் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர் எதைப் படித்துப் போடுகிறார்?

2024 ஜூலை 18 அன்று நம் நாட்டு வாசிர்எக்ஸ் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய், களவுபோனது. நம் குடும்பங்களிலும் இதில் சிக்கியவர்கள் இருக்கலாம். அங்கே ஆறு கையெழுத்தாளர்கள்; ஐந்து பேர் நிறுவனத்தார், ஒருவர் லிமினல் என்ற காப்பக நிறுவனம். நிறுவனத்தார் மூவரும் லிமினலும் சேர்ந்தால் பணம் நகரும். வெளியாள் உண்டு, எண்ணிக்கையும் உண்டு. ஆனாலும் போனது. திரையில் காட்டியது ஒன்று, கையெழுத்தானது வேறு என்று நிறுவனம் சொன்னது. தவறு யார் பக்கம் என்பதில் இரு நிறுவனமும் ஒருவரையொருவர் கைகாட்டின. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற வெளிநாட்டு நிலையத்தில் இதே மாதிரி, ஆனால் பல மடங்கு பெரிதாக, சுமார் 150 கோடி டாலர் போனது. கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் உண்மையானவர்கள். வழக்கமான பரிமாற்றம் என்று திரை சொன்னதை நம்பிப் போட்டார்கள். திரையைக் காட்டிய மென்பொருளைத் திருடர்கள் முன்பே மாற்றி வைத்திருந்தார்கள்.

நிரப்பாத காசோலையில் நான் போட்ட கையெழுத்தும் இந்த ஜாதிதான். ஆகவே மருமகன் மீண்டும் கேட்டபோது நான் சொன்னது இதுதான். வேட்பாளர் பெரிய நிபுணரா என்று மட்டும் பார்க்காதே. அனுப்பியதைத் தன் சொந்தக் கருவியில் தனியாகச் சரிபார்க்கத் தெரிந்தவரா என்று பார். மற்றவர்களோடு வேலையிலோ முதலீட்டிலோ ஒட்டியிருக்கிறாரா என்று பார். எட்டுப் பேர் போட்டுவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் பாக்கி என்று நடுராத்திரி ஒருவர் அவசரப்படுத்தினால், படித்துவிட்டுத்தான் போடுவேன் என்று சொல்லக்கூடிய மனிதரா என்று பார். கடைசியாகச் சொன்னதை எந்த விண்ணப்பத்திலும் கண்டுபிடிக்க முடியாது என்றான். உண்மைதான்.

நண்பர் ஒருவர், உத்திரமேரூர்க் குடவோலையை இந்தக் கட்டுரையில் சேர்த்தே ஆக வேண்டும் என்றார். அங்கும் ஆண்டு வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். இங்கும் பன்னிரண்டு, ஆறு. எண் ஒத்துப்போகிறது என்பதற்காக அமெரிக்காவில் இதை எழுதியவர்கள் பராந்தகன் கல்வெட்டைப் படித்தார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அங்கே சீட்டுக் குலுக்கல், இங்கே ஓட்டெடுப்பு. அதோடு விட்டுவிடுகிறேன்.

இந்த மன்றங்கள் என்றைக்கும் இருக்க வேண்டியவை என்றும் யாரும் சொல்லவில்லை. எல்டூபீட் வகுத்த இரண்டாம் படியில், நிரலின் பிழை பேரேட்டிலேயே நிரூபணமானால் மட்டும் மன்றம் தலையிடலாம். மற்ற திருத்தங்களுக்கு, விருப்பமில்லாதவர் வெளியேறக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அதாவது சாவி இருக்கும், சாவித்துவாரம் சுருங்கிவிடும். அந்த நிலைக்குப் போவதற்கு முன் நிரல்களை எவ்வளவு நாள் சோதிக்க வேண்டும் என்பதில்தான் இப்போது வாதம். எனக்கென்னவோ அவசரம் வேண்டாம் என்றே தோன்றுகிறது. இது டோக்கன் வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்லும் கட்டுரையும் அல்ல. நான் வாங்கவில்லை.

எங்கள் அறக்கட்டளையில் கையெழுத்து அட்டையை மாற்ற மூன்று வாரம் ஆனது. தீர்மானத்தின் நகல், விலகியவரின் கடிதம், புதியவரின் ஆதார், பான் என்று வங்கி கேட்டதையெல்லாம் கொடுத்தேன். விலகிய நண்பரிடம் கடிதம் வாங்க நேரிலேயே போனேன். "என்னைச் சந்தேகப்படறீங்களா?" என்று கேட்டார். காபி வந்தது, குடித்தேன். ரோனின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் முன்போல் பேசுவதில்லை.

மருமகனின் ஓட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேட்பாளர்கள் எழுதியதையெல்லாம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தோம். அவன் ஆங்கிலத்தில் படித்துச் சொல்ல, நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினான். உங்கள் ஓட்டு பூஜ்யம் என்று வந்தது. டோக்கன் வைத்திருந்தால் மட்டும் போதாதாம். ஓட்டு தொடங்குவதற்கு முன்பே அந்த உரிமையை ஒருவருக்கு ஒப்படைக்க வேண்டும், தானே போடுவதாக இருந்தால் தனக்குத்தானே ஒப்படைத்துக்கொள்ள வேண்டும். அதை அவன் செய்திருக்கவில்லை. "அடுத்த மார்ச்சுக்குப் பாத்துக்கலாம் மாமா" என்றான். அங்கேயே உட்கார்ந்து செய்ய வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.